ஐந்நூறு ரூபாய்க் கணக்கு

போன வாரம் அக்காவுக்குத் துணையாக ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு போர்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, அது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தது. அக்கா உள்ளே போனதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. 1980-களில் பம்பாயில் சில கிளினிக்குகள் இப்படி விளம்பரம் செய்தனவாம்: இப்போது 500 ரூபாய் செலவழித்தால் பிற்பாடு 50,000 மிச்சம். அந்த 50,000 வரதட்சணை. பி.காம். படிக்கிறவளாகச் சொல்கிறேன், கணக்கில் தப்பே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பரிசோதனையைக் குறை சொல்லவில்லை. பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது பரம்பரைக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க வந்தது. தலசீமியா மாதிரி நோய்களுக்குச் சட்டம் இன்றும் அதை அனுமதிக்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் பெண்ணையும் சேர்த்தது நாம்தான். 1994-ல் தடைச் சட்டம் வந்தது. அப்படியும் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் பையன்களுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள் இருந்த நாட்டில், 2001-ல் 927 பேர்தான்.

நாளைக்கு நிறம், உயரம், மூளை என்று தேர்ந்தெடுக்க வழி வந்தால்? அப்போதும் யாராவது இதே மாதிரி கணக்குப் போடுவார்கள்.

நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். அப்பா அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

அக்கா வெளியே வந்தாள். "குழந்தை நல்லா இருக்காம்டி" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.