சுவரில் வரைந்த புள்ளி

“கவராயமும் அளவுகோலும் இருந்தால் இதை நானே வரைந்துவிடுவேனே!” ஓவியக்கூடமொன்றில் சையத் ஹைதர் ரஸாவின் ‘பிந்து’ ஓவியத்தின்முன் நின்றபோது உடன்வந்த நண்பர் இவ்வாறு கூறினார். நடுவே ஒரு கருவட்டம். அதனைச் சூழ்ந்து முக்கோணங்கள், சதுரங்கள், வண்ணப் பட்டைகள். அவர் கூற்றைப் புறந்தள்ள எனக்கு மனம் வரவில்லை. கோடுகளை மட்டும் கருதினால் அது உண்மையே. ஆயினும், அவ்வட்டத்தை வந்தடைய ரஸாவுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர் அவர். தந்தை வனத்துறையில் பணியாற்றியதால் அடர்காடுகளுக்கிடையே வளர்ந்தார். மனம் ஓரிடத்தில் நில்லாத அச்சிறுவனுக்காகப் பள்ளி ஆசிரியர் சுவரில் புள்ளியொன்றை வரைந்து, அதனையே நோக்கியிருக்குமாறு பணித்தார். தியானம் என்ற சொல்லைக்கூட அறியாத வயது அது.

பம்பாயில் ஓவியம் பயின்று, 1947இல் முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். மறு ஆண்டு காஷ்மீரில் அவருடைய நிலக்காட்சிகளைக் கண்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், திறமை உண்டெனினும் கட்டமைப்பு இல்லை எனக் கூறி, செசானின் ஓவியங்களைப் பயிலுமாறு அறிவுறுத்தினார். பாராட்டை எதிர்நோக்கும் இளங்கலைஞருக்கு இது கடுமையான சொல்தான். ரஸா அதனை ஏற்றார். 1950இல் பாரிஸ் சென்றார். மலையையும் வீட்டையும் மரத்தையும் வண்ணத் துண்டுகளால் கல்லடுக்கிக் கட்டுவதுபோலச் செசான் எழுப்பிய முறை அவருக்குப் பாடமாயிற்று. 1956இல் பிரான்சின் விமரிசகர் விருதும் கிடைத்தது.

புகழ் வந்தபின் ஓர் அமைதியின்மையும் வந்தது. தம் ஓவியத்தில் தாம் பிறந்த மண் எங்கே என்னும் வினா அவரை வாட்டியது. இந்தியாவுக்கு மீண்டும் மீண்டும் வந்தார். அஜந்தா, எல்லோரா, காசி எனச் சுற்றினார். பழைய சுவர்ப்புள்ளி அப்போதுதான் பெருவட்டமாகத் திரையில் எழுந்தது. படைப்பின் வித்தாக இந்திய மெய்யியல் கருதும் பிந்து அது. ஐம்பூதங்களைக் குறிக்க ஐந்து வண்ணங்கள் உடன்நின்றன.

இவற்றைத் தாந்திரிகச் சக்கரங்கள் என்பார் உளர்; மேலைநாட்டு வடிவியல் ஓவியங்கள் என்பாரும் உளர். இருசாராரும் அவசரப்படுகின்றனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. வழிபாட்டுக்குரிய சக்கரம் மரபு வகுத்த அமைப்பை மீறாது. ரஸாவின் முக்கோணமோ பக்கத்து வண்ணத்தின் எடைக்கேற்ப இடம் பெறுகிறது. கருமை கண்ணை உள்ளே இழுக்கிறது. சிவப்பும் மஞ்சளும் வெளியே தள்ளுகின்றன. இவ்விழுபறியைக் கட்டிநிறுத்தும் திறன் பாரிஸில் பெற்றது. ஒன்றையே உற்றுநோக்கும் பொறுமை ஊர்ப்பள்ளியில் பெற்றது. பிற்காலப் பிந்துக்கள் அனைத்திலும் இவ்வலிமை இல்லை. சில, முன்னவற்றின் நகல்போலவே தோன்றுகின்றன.

நண்பர் அன்று பிறகு பேசவில்லை. அடுத்த அறைக்குச் செல்ல நான் அழைத்தபோது, சற்றுப் பொறுக்குமாறு கைகாட்டிவிட்டு அக்கருவட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.