அன்னபேதியும் 0.6 வோல்ட்டும்

ஆறுமுகம் மந்திரம்னு ஒருத்தரைத் தெரியுமான்னு ஒரு மாசமா பார்க்கிறவங்க கிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன். டீக்கடையில கேட்டா "யாரு, ஜோசியரா?"ங்கிறாங்க. ஆபீஸ்ல கேட்டா "எந்த டீம்?"ங்கிறாங்க. பேர் ராசி அப்படி :-)

விஷயம் இது தான். 2019ல லித்தியம் அயான் பேட்டரிக்காக வேதியியல் நோபல் கொடுத்தாங்க இல்லையா, மூணு பேருக்கு? ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ, அப்புறம் ஜான் குட்இனஃப். குட்இனஃபுக்கு அப்ப வயசு 97. நோபல் வாங்கினவங்களிலேயே மூத்தவர். பரிசு வாங்குறவங்க ஸ்டாக்ஹோம்ல ஒரு உரை நிகழ்த்தணும்ங்கிறது வழக்கம். டிசம்பர் 8ம் தேதி குட்இனஃபுக்காக மேடை ஏறி அந்த உரையை நிகழ்த்தினவர் தான் மந்திரம்.

1951ல தமிழ்நாட்டுல அமரபுரம்ங்கிற சின்ன கிராமத்துல பிறந்தவர். 1974ல பி.எஸ்.சி., 1976ல எம்.எஸ்.சி. ரெண்டும் மதுரைப் பல்கலைக்கழகப் பட்டம் (அப்ப இன்னும் காமராஜர் பேர் வைக்கலை, அது 1978ல). அப்புறம் சென்னை ஐ.ஐ.டி.யில பி.எச்டி. முடிச்சிட்டு வந்து நாலு வருஷம் நம்ம காமராஜர் பல்கலைக்கழகத்துல லெக்சரர். தேனி ரோட்டுல நாகமலை ஓரமா போகுதே, அதே இடம். ஆபீஸ் வடபழஞ்சியில இருக்கிறதால நான் தினமும் அந்தப் பக்கம் தான் போறேன். இத்தனை நாளா அந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தா எனக்கு ஞாபகம் வந்தது அரியர் பேப்பரும் கான்வொக்கேஷன் கூட்டமும் மட்டும் தான்.

உடனே "தமிழன்டா" மோடுக்குப் போயிடாதீங்க. வாட்ஸப்ல சுத்துற ஃபார்வர்டு மாதிரி "உங்க செல்போன் பேட்டரியைக் கண்டுபிடிச்சவர் ஒரு தமிழர்"னு சொன்னா அது பொய். செல்போன் பேட்டரிக்கு வழி போட்டது குட்இனஃபோட கோபால்ட் ஆக்சைடு, 1980ல ஆக்ஸ்ஃபோர்டுல. அப்ப மந்திரம் அங்க கிடையாது. அவரோட கதை வேற, என்னைக் கேட்டா அதை விடச் சுவாரஸ்யமானது.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசணும். நான் பொட்டி தட்டுற ஆளு, இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயரோட கெமிஸ்ட்ரிக்கு முழுக்குப் போட்டவன். எனக்கே புரிஞ்சுதுன்னா உங்களுக்கும் புரியும்.

பேட்டரின்னா ரெண்டு வீடு. லித்தியம் அயான் ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு உள்பக்கமா நடந்து போகும். அதோட எலெக்ட்ரான் மட்டும் வெளியில ஒயர் வழியா சுத்திக்கிட்டுப் போகும். அந்தச் சுத்துப்பாதையில தான் நம்ம செல்போன், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பிழைப்பு நடத்துது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எவ்வளவு மேடு பள்ளமோ அது வோல்ட்டேஜ். மாடி டேங்க் எவ்வளவு உசரமோ அவ்வளவு வேகமா கீழே குழாய்ல தண்ணி கொட்டுற மாதிரி.

1970கள்ல விட்டிங்ஹாம் டைட்டானியம் சல்ஃபைடை வெச்சு செஞ்சது 2.5 வோல்ட்டைத் தாண்டலை. குட்இனஃப் கந்தகத்தைத் தூக்கிட்டு ஆக்சிஜனைக் கொண்டு வந்தார். கோபால்ட் ஆக்சைடு 4 வோல்ட் கொடுத்தது. 1991ல சோனி அதைக் கடைக்குக் கொண்டு வந்தது. ஆனா கோபால்ட் யானை விலை. இன்னைக்கும் உலகத்துல தோண்டுற கோபால்ட்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல காங்கோவுல இருந்து தான் வருது. இரும்பு வெச்சு செஞ்சா மலிவு. ஆனா சாதாரண இரும்பு ஆக்சைடுல நமக்கு வேண்டிய உசரம் கிடைக்கலை.

இங்க தான் நம்ம ஆள் வர்றார். சென்னையில பேராசிரியர் ஜே. கோபாலகிருஷ்ணன் கிட்ட பி.எச்டி. பண்ணினப்ப அவர் கையில இருந்தது அருமண் உலோகங்களோட மாலிப்டேட்கள். அதுகளை ஹைட்ரஜன்ல சூடு பண்ணினா என்ன ஆகுதுங்கிறது மாதிரியான வேலை. 1981ல அதைப் பத்தி ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரை ஒண்ணு லண்டன் பத்திரிகையில வந்தது. பேட்டரிங்கிற பேச்சே அதுல கிடையாது. இதனால ஊருக்கு என்ன லாபம்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா பதில் சொல்றது கஷ்டம்.

1985ல ஆக்ஸ்ஃபோர்டுல குட்இனஃப் கிட்ட போய்ச் சேர்றார். கிழவருக்கு அங்கே ரிட்டயர்மென்ட் வயசு நெருங்குது. வீட்டுல உட்கார மனசில்லாம 1986ல டெக்சாஸ் ஆஸ்டினுக்குப் பெட்டியைக் கட்டுறார். மந்திரமும் கூடவே போறார். அந்த வருஷம் தான் உயர் வெப்ப மீகடத்திகளைக் கண்டுபிடிச்சு உலகத்துல இருந்த திடநிலை வேதியியல்காரங்க எல்லாம் அது பின்னாடி ஓடினாங்க. இவங்களும் ஓடினாங்க. ஆனா பக்கவாட்டுல, அந்தப் பழைய மாலிப்டேட் பழக்கத்தோட, மந்திரம் இன்னொண்ணையும் செஞ்சு பார்த்தார். இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட், இரும்பு சல்பேட். இந்த மூணுக்குள்ளேயும் லித்தியத்தை நுழைச்சா எத்தனை வோல்ட் வரும்?

1987ல முதல் ரெண்டுக்கும் விடை வந்தது: 3.0 வோல்ட். 1989ல சல்பேட்டுக்கு: 3.6 வோல்ட்.

இதை நான் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் படிச்சிட்டு எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். மூணுலயும் அதே இரும்பு. ஒரே சாயல்ல கட்டின கூடு. இரும்பைச் சுத்தி அதே ஆக்சிஜன். ஆக்சிஜனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் மட்டும் தான் வேற. மாலிப்டினத்துக்குப் பதில் கந்தகம். அதுக்கே 0.6 வோல்ட் வித்தியாசம்!

ஏன்? ஆக்சிஜன் ரெண்டு பக்கமும் கை கோத்துக்கிட்டு நிக்குது. ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் கந்தகம். கந்தகம் பிடிச்சா உடும்புப்பிடி. அந்தப் பக்கம் இழுக்க இழுக்க இந்தப் பக்கம் இரும்போட கை தளருது. (கல்யாணம் ஆன நண்பர்களுக்கு மாமியார் வீடு, சொந்த வீடுன்னு சொன்னா சட்டுனு புரியும். ஹிஹி.) ஆக்சிஜனோட பிடி தளர்ந்த இரும்புக்கு எலெக்ட்ரானை வாங்கிக்கிற ஆசை கூடுது. ஆசை கூடினா வோல்ட்டேஜ் கூடுது. அவ்வளவு தான் சூத்திரம். அதாவது உலோகத்தை மாத்தாம, அதோட பக்கத்து வீட்டுக்காரனை மாத்தியே வோல்ட்டேஜை ஏத்தலாம் இறக்கலாம். பாலிஆனயான் கேத்தோடுன்னு ஒரு புது வகையே இதுல இருந்து தான் பிறந்தது.

நாட்டு மருந்துக்கடையில அன்னபேதின்னு பச்சையா ஒரு உப்பு விப்பாங்களே, ரத்தசோகைக்கு? அது இரும்பு சல்பேட். இந்த ஆராய்ச்சியில வர்றது அதோட அண்ணன் முறை, ஃபெரிக் சல்பேட். அவ்வளவு சாதாரணச் சரக்கு.

ஆனா அந்த சல்பேட் கடைக்கு வரவே இல்லை. அதுல பிறவியிலேயே லித்தியம் கிடையாது. பேட்டரிக்கு எதிர்ப்பக்கம் கார்பன் வெச்சா அதுலயும் லித்தியம் இல்லை, அப்புறம் யார் நடக்கிறது? ஒரு பண்டமா பார்த்தா சல்பேட் ஃபெயில். சூத்திரம் மட்டும் பாஸ். எட்டு வருஷம் கழிச்சு, 1997ல, குட்இனஃபோட ஆய்வகத்துலயே பாதி, நஞ்சுண்டசாமின்னு ரெண்டு பேர் (அவங்களும் நம்ம நாட்டுப் பேருக்காரங்க தான்) அவரோட சேர்ந்து லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டாங்க. சல்பேட் இருந்த இடத்துல பாஸ்பேட், கூடவே லித்தியம். வோல்ட்டேஜ் 3.4. அதுக்குள்ள மின்சாரம் சரியா ஓடாதுங்கிறது பெரிய குறை. ஒவ்வொரு துகள் மேலயும் மெல்லிசா கரி பூசி, ரெண்டு பொருளையும் ஒண்ணாக்கி அதையும் சரி பண்ணினாங்க. 2024ல உலகம் பூரா மின்சார வண்டிகள்ல போன பேட்டரியில கிட்டத்தட்ட பாதி இந்த வகை தான்.

சரி, எனக்கு ஏன் திடீர்னு இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க. எல்லாம் என் தங்கச்சியால.

எம்.எஸ்.சி. கெமிஸ்ட்ரி முடிக்கப் போறா. பி.எச்டி. பண்ணணும்ங்கிறா. வீட்டுல பஞ்சாயத்து. சித்தப்பா நேரா என்னைப் பார்த்துக் கேட்டார், "பொம்பளப் புள்ளைய இன்னும் அஞ்சு வருஷம் படிக்க வெச்சு என்னப்பா செய்யப் போறீங்க? பி.எட். போட்டா டீச்சர் வேலை. இல்லைன்னா உன் ஆபீஸ்ல டெஸ்டிங் கிஸ்டிங்னு ஏதாவது ஒண்ணுல சேத்து விடு." அவ என்னைப் பார்த்து, "அண்ணே, அதுக்கு நான் இத்தனை வருஷம் பிப்பெட்டைப் பிடிச்சிருக்க வேண்டாம்ணே"ன்னா. அப்பா ஒண்ணும் பேசலை. பேசாம இருந்தா பயம்னு அர்த்தம். ஜெராக்ஸ் கடை வெச்சு ரெண்டு பேரைப் படிக்க வெச்ச மனுஷன், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை.

அவ தான் மந்திரத்தோட பேரை எனக்குச் சொன்னா. நான் படிச்சிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது அப்பா கிட்ட முழுக்கதையும் சொன்னேன். நாகமலையில ஆரம்பிச்சு ஸ்டாக்ஹோம் வரைக்கும். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு சீமைக்குப் போனாரு தம்பி. இவ எங்க போவா?"

நல்ல கேள்வி. மந்திரமே இங்கேயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சத்தியமா எனக்குத் தெரியாது. சாமர்த்தியம் மட்டும் போதாது. ஒரு குட்இனஃப் வேணும், கருவிகள் வேணும், எட்டு வருஷம் கழிச்சுப் பலன் வந்தாலும் பரவாயில்லைன்னு காசு கொடுக்கிற ஆள் வேணும். இதுல எதை நான் என் தங்கச்சிக்கு உறுதி சொல்ல முடியும்? நாங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரிலீஸ் பண்ற ஆளுங்க. அடுத்த ஸ்பிரின்ட்டைத் தாண்டி எங்களுக்குப் பார்வையே கிடையாது.

ஆனா சொல்ல ஒண்ணு இருந்தது. காரைக்குடி. நம்ம ஊர்ல இருந்து ரெண்டு மணி நேர பஸ். 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டு வந்தது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலை. கமுதியில 2016ல 648 மெகாவாட் சோலார் போட்டாங்க. சூரியன் சாயுங்காலம் வீட்டுக்குப் போயிடுது, அப்புறம் அந்தக் கரண்ட்டை எங்க வெச்சுக்கிறதுங்கிற கேள்விக்கு ஆள் வேணும்ல? இதைச் சொன்னதும் அப்பா லேசா தலையாட்டினார். நெட் பரீட்சையில ஜே.ஆர்.எஃப். வாங்கினா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகைன்னு சொன்னப்ப தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். 0.6 வோல்ட் செய்யாததை 37,000 செஞ்சிருச்சு :-)

குட்இனஃப் 2023 ஜூன்ல, தன்னோட நூறாவது வயசுல காலமானார். மந்திரம் ஆஸ்டின்ல தன் சொந்த ஆய்வகத்துல கோபால்ட்டே இல்லாத நிக்கல் கேத்தோடு, கந்தக பேட்டரின்னு போயிட்டார். கந்தகம் மலிவு, ஆனா பேட்டரிக்குள்ள கரைஞ்சு ஊர் சுத்தும். 2012ல அவரும் அவரோட மாணவரும் நடுவுல ஒரு கார்பன் தாளைச் செருகி அதை மறிச்சாங்க. கார்பன் தாள்! எவ்வளவு எளிமையா இருக்கு பாருங்க. இன்னும் கந்தகம் முழுசா அடங்கலை. அதுவும் எத்தனை வருஷமோ.

தங்கச்சி நெட் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கா. சித்தப்பா இன்னும் முறைச்சிக்கிட்டு தான் இருக்கார். போன வாரம் கடை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திக்கிட்டே அப்பா கேட்டார், "அடுத்தது அந்த இரும்பு பாஸ்பேட் பேட்டரி வாங்கலாமா தம்பி?" விலையைச் சொன்னேன்.

"பழசு ஓடுற வரைக்கும் ஓடட்டும்"ன்னுட்டார்.