நாலு ஸ்விஃப்டும் ஒரு தழும்பும்

பெற்ற பிள்ளைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பேசக் கூடாது என்பார்கள். நானும் முடிந்தவரை பேசியதில்லை. ஆனால் கார்களை ஒப்பிட்டுப் பேசினால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

'அடுப்படியில் இருப்பவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?' என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் வாழ்க்கைப்பட்டது கோயமுத்தூரில். லேத்துச் சத்தத்தில் குழந்தைகள் தூங்குகிற ஊர் இது. என் வீட்டுக்காரருக்கும் ஒரு சின்ன லேத்துப் பட்டறைதான். சாப்பாட்டு நேரத்தில்கூட பிஸ்டன், பேரிங் என்றுதான் பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஸ்விஃப்ட் கார் நம் நாட்டுக்கு வந்தது 2005 மே மாதம். அதே வருஷம்தான் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன், இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார். கோயமுத்தூர் ஆம்பிளைகளைக் கேட்க வேண்டுமா! பால்காரரிலிருந்து பட்டறைக்காரர் வரை எல்லோருக்கும் கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு 2011, 2018, 2024 என்று ஸ்விஃப்ட் மூன்று முறை புதுப் பிறவி எடுத்துவிட்டது. நாலிலும் நான் போயிருக்கிறேன்; மூன்றை ஓட்டியும் இருக்கிறேன். எல்லாமே ஒரே பாதையில். என் பிறந்த வீடு குன்னூர். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகள். சம்பந்தி குணம் சாப்பாட்டுப் பந்தியில் தெரியும் என்றால், காரின் குணம் அந்த வளைவுகளில் தெரியும்.

மூத்தது: முரட்டுப் பிள்ளை

2006 கடைசியில் முதல் ஸ்விஃப்டை வாங்கினோம். ரத்தச் சிவப்பு. பெட்ரோல் வண்டி. 1.3 லிட்டர் எஞ்சின், 87 குதிரைசக்தி. ஆயிரம் கிலோவைத் தொடுகிற கனம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற மாதிரி 'தொம்' என்று ஒரு சத்தம்.

அது ஓட்டுகிறவருக்கென்றே செய்த வண்டி. வளைவில் திருப்பினால் குடை சாயாமல் ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பும். மிதிக்க மிதிக்க எஞ்சின் சலிக்காமல் பாடும். பின் சீட்டில் இருப்பவர்கள் பாடுதான் வேறு. ஸ்பிரிங் கடினம், குழியில் இறங்கினால் முதுகில் தெரியும். பின் ஜன்னல் சின்னது, உயரமும் கூட. அப்போது நாலு வயது முடிந்திருந்த என் மகளுக்கு வெளியே மலையே தெரியாது. வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு வளைவில் தலை சுற்றாமல் என்ன செய்யும்? எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும் இல்லாமல் நாங்கள் மலை ஏறியதே இல்லை.

ஆனால் முன் சீட்டில் எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் வேகம் பிடிக்கும்.

2007 மே மாதம். என் பையனுக்குப் பதினோரு மாதம். வழக்கம்போல் முன் சீட்டில் என் மடியில்தான் இருந்தான். நான் சீட் பெல்ட் போடவில்லை. போட்டால் குழந்தையை எப்படி மடியில் வைத்துக்கொள்வது என்று அப்போது நினைப்பு. முன்னால் ஒரு லாரி உருண்டுகொண்டிருந்தது. "ஏனுங்க, இதுக்குப் பின்னாடியே போனா மத்தியானம் ஆயிருமுங்க. தாண்டிப் போங்க" என்று சொன்னவள் நான்தான். அவர் தாண்டினார். வளைவில் எதிரே ஒரு பஸ். அவர் பிரேக்கை மிதித்த மிதியில் கார் ஓர் அடி தூரத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு அந்தக் கார் காட்டிய விசுவாசத்தை நான் மறக்க மாட்டேன்.

கார் நின்றது. குழந்தை நிற்கவில்லை. என் இரண்டு கைக்குள் இருந்தவன் எப்படி நழுவினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டேஷ்போர்டில் போய் நெற்றி மோதியது. இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

வீட்டில் என்ன சொல்வது? 'தொட்டிலில் இருந்து விழுந்துட்டான்' என்று சொல்லிவிட்டோம். "ஏம்மிணி, புள்ளையத் தொட்டில்ல போட்டா ஒரு கண்ணு பாத்துக்க மாட்டியா?" என்று அத்தை கேட்டார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். காரில் நடந்ததைச் சொன்னால் வண்டியையே விற்றுவிடச் சொல்வார்களே என்ற பயம்! அந்தப் பொய் பதினெட்டு வருஷம் வீட்டில் அப்படியே இருந்தது.

இரண்டாவது: நிதானம் வந்த பிள்ளை

2013-ல் இரண்டாவது பிறவி ஸ்விஃப்ட் வந்தது. இந்தத் தடவை டீசல். அவருக்குத் திருப்பூர், ஈரோடு என்று தினமும் அலைச்சல், அப்போது டீசல் விலையும் குறைவு. பார்க்க அண்ணன் ஜாடைதான். ஆனால் நீளம் கொஞ்சம் கூடி 3.85 மீட்டர் ஆகியிருந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் கூடுதல். பின் சீட்டில் முட்டி இடிப்பது கொஞ்சம் குறைந்தது. டிக்கி மட்டும் சிறிசு, 200 லிட்டர் சொச்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பலகாரத் தூக்கு மடிக்கு வந்துவிடும்.

இந்த வண்டியில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எல் போர்டு மாட்டிக்கொண்டு போகும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. "இந்த வயசுல காரு ஓட்டி எங்கம்மிணி போகப் போற?" என்றார்கள் அத்தை. ஒரு நாள் அவர்களுக்கே நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்து, வீட்டுக்காரர் வெளியூரில் இருக்க, நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

டர்போ டீசல் வண்டிகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. மெதுவாகப் போகும்போது சோம்பேறி போல் இருக்கும். எஞ்சின் சுற்று ஒரு அளவைத் தாண்டினால் திடீரென்று முதுகில் கை வைத்துத் தள்ளின மாதிரி பாயும். வளைவில் இரண்டாவது கியரில் திணறி நான் நின்றுபோயிருக்கிறேன், பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்க! வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும் என்று புரிந்தது. சோறு பொங்கி வழிந்த பிறகா தீயைக் குறைப்போம்? அதே கணக்குத்தான். அந்த டீசல் இப்போது வருவதில்லை. புகை விதிகள் கடுமையானதால் 2020 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

மூன்றாவது: இளைத்த பிள்ளை

2018-ல் வந்த மூன்றாவது பிறவியை வாங்கியது குன்னூரில் இருக்கும் என் தம்பி. முந்தின வண்டி 950 கிலோவுக்கு மேல்; இது சுமார் 860 கிலோவிலிருந்தே ஆரம்பம். டிக்கி 268 லிட்டர். பலகாரத் தூக்குக்கு இடம் கிடைத்தது! பின் கதவுக் கைப்பிடியை ஜன்னல் ஓரமாக மேலே ஒளித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கதவைத் தடவிக்கொண்டே நிற்பார்கள். எட்டாத குழந்தைகள் அழும்.

தம்பியுடையது கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோ கியர். இந்த வகைக் கியரே மாறும்போது ஒரு நொடி யோசிக்கும்; நாம் தலையாட்டுவோம். மலையில் நாமே கியர் மாற்றும் 'எம்' நிலையில் வைத்துக்கொண்டால் நல்லது. மற்றபடி முட்டிவலிக்காரர்களுக்கு அது வரம். வளைவில் ஆட்டுக்குட்டி போலத் துள்ளும்.

பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. இரண்டு ஏர்பேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும், குழந்தை சீட்டை மாட்டும் கொக்கியும் எல்லா ரகத்திலும் வந்துவிட்டன. எங்களுடைய முதல் இரண்டு கார்களில் ஒரு ஏர்பேக்கும் கிடையாது. ஆனாலும் அதே வண்டியை 2018-ல் குளோபல் என்கேப் என்கிற அமைப்பு மோதிப் பார்த்து 5-க்கு 2 நட்சத்திரம்தான் கொடுத்தது. விதிகளைக் கடுமையாக்கிய பிறகு 2022-ல் கிடைத்தது ஒன்றே ஒன்று. நகை வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிற நாம், கார் வாங்கும்போது இந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறோமா, சொல்லுங்கள்!

கடைக்குட்டி

நாலாவது 2024 மே மாதம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் என் மகள் அதை வாங்கினாள், தன் சம்பளத்தில், தன் பெயரில் கடன் போட்டு. எஞ்சினில் இப்போது நாலு சிலிண்டர் இல்லை, மூன்றுதான். நிற்கும்போது லேசாக உறுமுகிறது. சுமார் 82 குதிரைசக்தி. பாருங்கள், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு மூத்ததைவிடச் சக்தி குறைவு! ஆனால் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் என்று கம்பெனிக் கணக்கு. பின் கைப்பிடி பழையபடி கதவுக்கே வந்துவிட்டது. ஏர்பேக் எல்லா ரகத்திலும் 6. வளைவில் வண்டி வழுக்கினால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து நேராக்குகிற வசதியும் எல்லாவற்றிலும் உண்டு.

நான் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மூத்தது மாதிரி வராது கண்ணு. இதுல உசிரே இல்ல" என்றேன். மகள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

2025 மே மாதம். பிரசவத்துக்கு வந்திருந்த என் தங்கையையும் அவளுடைய ஐந்து மாதக் குழந்தையையும் குன்னூரிலிருந்து அழைத்து வரப் போனோம். மகள்தான் ஓட்டினாள். பக்கத்தில் என் பையன். பின்னால் குழந்தைக்கென்று தனி சீட்டு வாங்கி, முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தாள். இரண்டாவது வளைவிலேயே குழந்தை அழுகை. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டையை அவிழ்க்கக் கை வைத்தேன்.

கார் ஓரமாக நின்றது. "அம்மா, கையை எடுங்க. அவன மடியில வச்சா வண்டி நகராது."

"என்ன கண்ணு இது, பச்சைக் குழந்தையைக் கட்டிப் போட்டுக்கிட்டு! உங்களை எல்லாம் நான் மடியில வச்சுத்தான் வளர்த்தேன்" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "தம்பி நெத்தியைப் பாருங்கம்மா. அன்னைக்கு நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. வாந்தி எடுத்துவிட்டுத் தூங்குகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பையன் புருவத்தைத் தடவிக்கொண்டே, "தொட்டில்ல இருந்து விழுந்தேன்னு சொன்னீங்க?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். லாரியைத் தாண்டச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்து. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குழந்தைக்குப் பசிக்குதா பாருங்க சித்தி. நிக்கும்போதே பால் குடுத்துட்டு மறுபடி கட்டிரலாம்" என்றான். அப்படியே செய்தோம். பால் குடித்த குழந்தை அடுத்த வளைவுக்குள் தூங்கிவிட்டது. அன்று மேட்டுப்பாளையம் வரை எந்த லாரியையும் நாங்கள் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மூத்த காருக்கு ஸ்டியரிங் பிடித்தவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தார். கடைக்குட்டிக்குப் பின் சீட்டில் இருப்பவர்களும் தெரிகிறார்கள். இதைத்தான் 'உசிரே இல்ல' என்று நான் சொல்லியிருக்கிறேன்! மூத்தது மேல் எனக்கு இருக்கும் பாசம் போகாது. ஆனால் அந்தப் பாசத்தைச் சாக்கு வைத்து, 'எங்கள் காலத்தில்' என்று இனி ஆரம்பிக்க மாட்டேன்.

இளம் தாய்மார்களுக்கு மட்டும் நாலு வார்த்தை. கைக்குழந்தையைப் பின் சீட்டில், பின்பக்கம் பார்க்கும் குழந்தை சீட்டில் கட்டுங்கள். ஏர்பேக் இருக்கும் முன் சீட்டில் அந்தச் சீட்டை மாட்டவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் குழந்தைக்கு ஆபத்து. கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பில் படும்படி போட வேண்டும். மேல் பட்டை மார்புகளுக்கு நடுவே வர வேண்டும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம்.

அபராதத்துக்குப் பயந்து செய்யாதீர்கள். 'என் கை விடாது' என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பிரேக் பிடிக்கிற அந்த ஒரு நொடியில் எந்தத் தாயின் கையும் தாங்காது, சகோதரிகளே.

அத்தையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை வந்ததும் நானே வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.