நான்காகப் பிளந்த தீக்குச்சி

மன்னர் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம். இன்று மாணவர்க்கு அதையே கற்பிக்கிறோம். எந்த ஆண்டில் எந்தப் போர், எவர் வென்றார், எவர் வீழ்ந்தார் என்று கேட்டால் தயங்காது சொல்வோம். அந்த ஆண்டில் உழவன் வீட்டு அடுப்பு எரிந்ததா? அதை எந்தப் பாடநூல் சொல்லிற்று?

சொல்லும் நூலொன்று உண்டு, தோழர்களே! போலந்து நாட்டு நூல். எழுதியோர் புலவருமல்லர், பேராசிரியருமல்லர்; ஏர் பிடித்த உழவர்கள்!

உருசியா, பிரசியா, ஆஸ்திரியா எனும் மூன்று வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்ட நாடு போலந்து. 123 ஆண்டு அடிமைத்தளையை அறுத்து, 1918 நவம்பரில் அது விடுதலை பெற்றது. அதே மாதத்தில் பெண்டிர்க்கும் வாக்குரிமை! 1919-இல் கட்டாயக் கல்விக்கு ஆணை! 1921-இல் பத்து வயதைக் கடந்தோருள் மூவரில் ஒருவர் எழுத்தறியாதவர். 1931-இல் அந்த விகிதம் நால்வரில் ஒருவருக்கும் கீழே இறங்கியது.

கொடி உயர்ந்தது, குடிசை உயர்ந்ததா? 1929-இல் உலகை வளைத்த பொருளாதார நெருக்கடி போலந்துச் சிற்றூர்களையும் வாட்டியது. விளைபொருள் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. ஆலைப்பொருள் விலையோ அந்த அளவு இறங்கவில்லை. தானியம் விற்ற காசு உப்புக்கும் தீப்பெட்டிக்கும் போதவில்லை. ஒரே தீக்குச்சியை நான்காகப் பிளந்து நான்கு முறை அடுப்பு மூட்டினர்! உருளைக்கிழங்கு வெந்த உப்புநீரைக் கொட்டாது மறுவேளைக்கு வைத்தனர். தேயுமே என்றஞ்சிக் காலணியைக் கையில் சுமந்து, வெறுங்காலோடு நடந்து, தேவாலயத்தை நெருங்கியபின் அணிந்தனர். சர்க்கரை வலிமை தரும் என்று 1931-இல் விளம்பரம் முழங்கிற்று. சிற்றூர்க் குழந்தைக்கோ சர்க்கரை அரும்பண்டம். அதே சர்க்கரை குறைந்த விலைக்கு அயல்நாடுகளுக்குக் கப்பலேறியது!

இந்நிலையில், 1933-இல் வார்சா நகரின் சமூகப் பொருளாதார ஆய்வுக்கழகம், உழவர்கள் தம் வாழ்வைத் தாமே எழுதியனுப்புமாறு போட்டி ஒன்றை அறிவித்தது. கழகத்தின் தலைவர் சமூகவியல் அறிஞர் லூத்விக் க்ஷிவிட்ஸ்கி. 498 பேர் எழுதினர். அவற்றுள் 51 வரலாறுகள் 1935-இல் நூலாயின. அதுவரை உழவனைப் பற்றிப் பிறர் பேசினர். அன்று உழவனே பேசினான். நாடு திடுக்கிட்டுக் கேட்டது.

எழுத்து மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் போலந்தே சான்று. 1937-இல் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்க்கு இடப்புறத்தில் தனிப் பெஞ்சு ஒதுக்க அரசு இசைந்தது. பட்டம் வழங்கும் மண்டபத்திலேயே பாகுபாடு! யூத மாணவர் பலர் அமர மறுத்தனர். கால் கடுக்க நின்றே பாடம் கேட்டனர். பேராசிரியர் சிலரும் அவர்களுக்காகத் தாமும் நின்றனர்.

கரும்பலகை முன் நிற்கும் நமக்கு இவ்விரண்டும் பாடம். எழுதக் கற்ற கை தன் வயிற்றின் கதையை எழுத வேண்டும். படித்த கால்கள் நீதிக்காக நிற்கவும் வேண்டும்.

இனி நம் மாணவனிடம் இப்படிச் சொல்வோம்: போர் நடந்த ஆண்டை எழுது, அந்த ஆண்டில் உன் பாட்டி வீட்டில் என்ன உண்டார்கள் என்பதையும் கேட்டு எழுது!