கானகம் செல்லும் பேருந்து

ஓரிடத்தை அடைவது வேறு. அவ்விடத்தை நோக்கிப் பயணம் செய்வது வேறு. காட்டைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு இன்னும் பெரிது. எந்த வண்டியில், எவரோடு காட்டுக்குள் நுழைகிறோம் என்பதே அங்கு நாம் எவற்றைக் காண்போம் என்பதைப் பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. ஆனைமலைத் தொடரிலுள்ள டாப்சிலிப்புக்கும் அதற்கு அப்பாலுள்ள பரம்பிக்குளத்துக்கும் பலமுறை சென்றுவந்த பின் எனக்குத் தோன்றிய எண்ணம் இது.

தொடர்வண்டி நம்மைப் பொள்ளாச்சியோடு இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து டாப்சிலிப் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் ஆகிய ஊர்களைக் கடந்து சேத்துமடை வரையில் சாலையின் இருபுறமும் தென்னந்தோப்புகள். சேத்துமடையில் வனத்துறையின் சோதனைச்சாவடி. அதைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மேலேறும். தென்னை மறைந்து மூங்கிலும் தேக்கும் தோன்றும். காற்றின் மணமே மாறிவிடும்.

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. ஆயினும், அதற்குச் செல்லும் வண்டிப்பாதை தமிழ்நாட்டின் வழியேதான் அமைந்திருக்கிறது. பாதை இங்கிருந்து அங்கே செல்கிறது. நீர் அங்கிருந்து இங்கே வருகிறது. பரம்பிக்குளம் அணையின் நீர் சுரங்க வழியே தூணக்கடவை அடைந்து, சர்க்கார்பதி மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டுக் கொங்கு நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. மலைக்காடு காக்கும் நீரில் சமவெளியின் பயிர் விளைகிறது. எனவே, காடு சோதனைச்சாவடியில் தொடங்குவதாக எண்ணுவது பிழை. சமவெளியில் நாம் பருகும் நீரிலேயே அது தொடங்கிவிடுகிறது.

முதன்முறை நண்பர்களுடன் மகிழுந்தில் சென்றேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எங்களுக்குள் பேசிக்கொண்டே சென்றோம். புள்ளிமான்களைக் கண்டோம், மரக்கிளையில் மலை அணில் தாவுவதைக் கண்டோம். மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால், அக்காட்டில் மனிதர்களும் வாழ்கிறார்கள் என்பதை நான் உணர்ந்தது, பின்னொரு நாள் அரசுப் பேருந்தில் சென்றபோதுதான்.

அன்று பிற்பகல் பொள்ளாச்சியில் புறப்பட்ட பேருந்தில் சுற்றுலாப் பயணிகள் மிகச் சிலரே. காடர், மலசர் முதலிய பழங்குடி மக்களும் வனத்துறையின் தற்காலிகப் பணியாளர்களுமே இருக்கைகளை நிறைத்திருந்தனர். அரிசி மூட்டைகளும் மண்ணெண்ணெய்க் கலன்களும் பள்ளிப் பைகளும் கால்களுக்கிடையே கிடந்தன. எனக்கு அருகில் ஒரு பெண்மணி காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் கிடத்தியிருந்தார். பொள்ளாச்சியில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறார். “இதை விட்டா நாளைக்குத்தானுங்க” என்றார். இறங்குமிடத்திலிருந்து அவருடைய குடியிருப்புக்கு நடந்துதான் செல்லவேண்டுமாம். இருட்டுவதற்குள் சென்றுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

டாப்சிலிப்பைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தையும் அணைத்தார். சாலையின் நடுவே காட்டுமாடுகளின் கூட்டம். இளங்கன்று ஒன்று தாயின் வயிற்றருகே ஒண்டி நின்றது. பின்னால் வந்த மகிழுந்து ஒலிப்பானை விடாமல் ஒலித்தது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டிப் பொறுக்குமாறு காட்டினார். கால் மணி நேரம் கழிந்தது. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. அந்தப் பெண்மணி ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “கன்னு இருக்குதுங்க, மெதுவாத்தான் போகும்” என்று என்னிடம் சொன்னார். விரைந்து செல்லும் தேவை அவருக்கே மிகுதி. அவரே பொறுமையோடு காத்திருந்தார்.

சாலை அங்குள்ள மக்களுக்கு உயிர்நாடி. விலங்குகளுக்கோ ஓயாத இடர். இவ்விரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றொன்றை விடுவது எளிது. சாலையை மூடிவிடலாம் என்றால் நோயுற்ற குழந்தை எப்படி மருத்துவரை அடையும்? அகலப்படுத்தி விரைவாக்கலாம் என்றால் அந்தக் கன்று எப்படிக் கடக்கும்? அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் இக்கேள்விக்குக் கண்டிருந்த விடை, மெதுவாகச் செல்வது, வேண்டியபோது நிற்பது என்பதே.

இந்தக் காட்டுக்குள் மனிதர் வகுத்த வழிகள் முன்பு வேறு நோக்கம் கொண்டிருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் வெட்டிய தேக்குமரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால்தான் டாப்சிலிப் என்னும் பெயரே வந்தது. பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்லக் கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கியது. அத்தனை வெட்டுக்கும் தப்பிய கன்னிமரா தேக்கு இன்றும் பரம்பிக்குளத்தில் நிற்கிறது. ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுள்ள அதனைப் பழங்குடி மக்கள் தெய்வமாகப் போற்றுகின்றனர். வெட்ட முயன்றபோது குருதி பீறிட்டது என்பது அவர்கள் வழங்கும் கதை.

எடுக்க வந்தவர்களிடையே கொடுத்தவரும் ஒருவர் உண்டு. வன அலுவலராக இருந்த ஹியூகோ வுட், அழிந்துகொண்டிருந்த தேக்குக் காட்டை மீண்டும் வளர்க்கப் பாடுபட்டார். கைத்தடியால் நிலத்தில் குழியிட்டு விதைகளை ஊன்றியபடியே அவர் நடப்பார் என்பர். 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில் உள்ளது. தம் நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் பொருளுடைய இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் தேக்கு மரங்கள் நிற்கின்றன.

காட்டுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அங்கு எதையோ விட்டுவருகிறோம். சிலர் நெகிழிப் பையை; சிலர் ஒலிப்பானின் இரைச்சலை; ஒருவர் விதைகளை. நீங்கள் செல்லும் நாளில், இயன்றால் பேருந்தில் செல்லுங்கள். வண்டி இடைவழியில் நின்றால் ஏன் என்று கேட்பதற்கு முன் சன்னலின் வெளியே பாருங்கள். பிறகு, அருகில் அமர்ந்திருப்பவரின் முகத்தையும் பாருங்கள்.