எதிர்ப்பு, சக்தி

‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்ற தொடர் இன்று மருந்துக் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே அர்த்தத்தில் புழங்குகிறது. இதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு விலக்கு என்றுதான் பொருள். வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் ஒருவனுக்குத் தரப்பட்ட விலக்கு. சட்டத்திலிருந்து வைத்தியத்துக்குப் போன சொல். நாம் தமிழில் முதல் பாதியை யுத்தகளத்திலிருந்தும் மறு பாதியைக் கோவிலிலிருந்தும் எடுத்துக்கொண்டோம். சக்தி என்று சொல்லிவிட்டால் அது குறையலாம், கூடலாம், கூடினால் நல்லது. அது வழி தவறிப் போகலாம் என்று சொல்ல இத்தொடரில் இடமே இல்லை. ஒரு சொல்லில் இல்லாத இடம் அதைச் சொல்பவனின் சிந்தனையிலும் இல்லாமல் போய்விடுகிறது. விமர்சனத்தில் இதைப் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறேன். என் நாலு வயது மகளின் ரத்தம் இதையே எனக்குச் சொன்னபோது அது விமர்சனக் கருத்தாக இருக்கவில்லை.

சாதாரண ஜலதோஷம். வந்து, போய், இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு காலை கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். “எறும்பு கடிச்சிருச்சுப்பா” என்றாள். விரலால் அழுத்தினால் மறையாத சிவப்பு. தொடையில், இடித்துக்கொண்டதாக யாருக்கும் ஞாபகமில்லாத நீலத் திட்டுகள். மறுநாள் ரத்தப் பரிசோதனைத் தாளில் தட்டணுக்கள் ஒன்பதாயிரம். ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கவேண்டியவை.

குழந்தை வைத்தியரான அந்த அம்மாள் ரத்தப் படலத்தைத் தானே பார்த்தார். சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் ஒழுங்காயிருந்தன. கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆகவே நானும் மனைவியும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த அந்த மற்றொரு வியாதி இல்லை. “இது ஐ.டி.பி. பெரும்பாலும் தானாகச் சரியாயிடும். தலையில அடி படாமப் பாத்துக்குங்க. ஆஸ்பிரின், ப்ரூஃபென் கூடாது. அடுத்த வாரம் வாங்க” என்றார். மருந்து என்று கேட்டேன். “இப்போதைக்கு மருந்து வேண்டாங்கறதுதான் சிகிச்சை” என்றார்.

ஐ.டி.பி. என்ற மூன்றெழுத்தின் சரித்திரமே ஒரு விமர்சகனுக்குப் போதும். முதல் எழுத்து நெடுங்காலம் ‘காரணம் அறியப்படாத’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் குறித்தது. அறியாமைக்கு வைத்தியர்கள் சூட்டிய கௌரவமான பெயர் அது. 2009-இல் ஒரு சர்வதேசக் குழு அச்சொல்லை நீக்கி, அதே ஆங்கில எழுத்தில் தொடங்கும் எதிர்ப்பாற்றல் சம்பந்தமான சொல்லை அங்கே வைக்கச் சிபாரிசு செய்தது. எழுத்து மாறவில்லை; அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

காரணம் இதுதான். வைரஸை எதிர்கொண்ட உடல் அதன்மீது ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. அவற்றில் சில, வைரஸின் ஒரு மூலையைப் போலவே தோற்றமளிக்கும் தட்டணுக்களின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டப்பட்ட எதையும் மண்ணீரலில் இருக்கும் விழுங்கணுக்கள் விழுங்கிவிடும். ஏன் ஒட்டியது என்று அவை கேட்பதில்லை. எலும்பு மஜ்ஜை தட்டணுக்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் ரத்தத்தில் உலவவேண்டியவை வெளியே வந்த சில மணிகளில் காணாமல் போகின்றன. என் மகளின் உடலில் எதுவும் குறைந்திருக்கவில்லை. ‘சக்தி’ அமோகமாக இருந்தது.

வங்கியில் என் வேலையில் ஒரு பகுதி கையெழுத்தைச் சரிபார்ப்பது. திரையில் கணக்குத் தொடங்கிய நாளின் மாதிரிக் கையெழுத்து, கையில் காசோலை. தேர்ந்த மோசடிக்காரனின் கையெழுத்து மாதிரியை அச்சாக ஒத்திருக்கும். கை நடுங்கும் பென்ஷன்காரரின் அசல் கையெழுத்துதான் ஒத்துப்போகாது. ஒரு கிளையில் போலி ஒன்று பிடிபட்டுவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதேபோல் ‘ர’வைச் சுழிக்கிற அசல் ஆட்களும் கவுண்டரில் நிறுத்தப்படுவார்கள். அந்த வாரங்களில் குமாஸ்தாக்களுக்குச் சுறுசுறுப்பு குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிளையும் மூடப்படுவதில்லை. கொஞ்ச நாளில் பதற்றம் தணியும். ‘ர’ மறுபடி ‘ர’வாகிவிடும்.

உடல் தன்னையே தாக்கும் என்பதை விஞ்ஞானமே சுலபமாக ஏற்கவில்லை. ரஷ்யரான மெச்னிகாஃப் 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகி, அதை அணுக்கள் மொய்ப்பதைக் கண்டார். விழுங்கணு என்ற கருத்து அங்கே பிறந்தது. அவரோடு 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏர்லிக், உடல் தனக்கெதிராக விஷம் செய்துகொள்வதை இயற்கை அனுமதிக்காது என்று கருதி, அந்த அச்சத்துக்கு ஒரு லத்தீன் பெயரும் வைத்தார். ஆனால் 1904-இலேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் தன் சிவப்பணுக்களையே உடைக்கிற ஒரு ரத்தத்தை ஆராய்ந்து, உடைப்பது அதே ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்தான் என்று காட்டியிருந்தார்கள். சிஃபிலிஸ் நோயாளிகளிடம் அன்று காணப்பட்ட அந்த வியாதி இன்று பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின் குழந்தைகளுக்கு வருகிறது. பெரிய பெயரின் கருத்து, கண்முன் இருந்த சாட்சியத்தைவிட நெடுநாள் வாழ்ந்தது. நம் வட்டாரத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல.

தட்டணு வியாதியின் கதையிலும் இப்படித்தான். ஹனோவரின் வெர்ல்ஹாஃப் 1735-இல் இதை வர்ணித்தார்; அவர் கவிதைகளும் எழுதியவர். 1916-இல் ப்ராக் நகரில் — காஃப்கா ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்த அதே ப்ராக், அதே வருஷம் — காஸ்னெல்ஸன் என்ற மருத்துவ மாணவன், குற்றவாளி மண்ணீரல்தான் என்று ஊகித்து, அதை எடுத்துவிடும்படி பேராசிரியரிடம் சொன்னான். எடுத்தார்கள், நோயாளிப் பெண் தேறினாள். விழுங்கும் இடம் தெரிந்தது; விழுங்கத் தூண்டுவது எது என்பது தெரியவில்லை. இந்த வியாதியுள்ள தாய்க்குப் பிறக்கும் சிசுவுக்கும் சில வாரங்கள் தட்டணு குறைந்து, பிறகு தானே சரியாவதை டாக்டர்கள் கவனித்திருந்தார்கள். அப்படியானால் தாயின் ரத்தத்திலிருந்து ஏதோ ஒன்று சிசுவுக்குப் போகிறது. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர் ஒரு நோயாளியின் ரத்தத்தில் அரை லிட்டரைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின, வலிப்பு வந்தது, சில நாளில் பிழைத்தெழுந்தார். அந்த ஏதோ ஒன்று ரத்தத்தில்தான் இருக்கிறது என்று நிரூபணமாயிற்று. துணிச்சல் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தன் கருத்துக்குத் தன் உடம்பைப் பணயம் வைத்த மனிதர் என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை எடுபடவில்லை. 2012, 2017 டெங்குக் காலங்களுக்குப் பிறகு ‘ப்ளேட்லெட்’ தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அது குறைந்தது என்றாலே டெங்கு என்று அர்த்தம். அம்மா பப்பாளி இலையை அரைத்தாள். மாமியார் ஊரிலிருந்து நிலவேம்புப் பொடியோடு வந்து இறங்கினார். “கொழந்தைக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல மாப்பிள்ளை, சத்தா எதாவது குடுக்கணும்” என்றார். பரிவில் குறையில்லை; சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

டெங்கு விஷயத்திலும் அந்தச் சொல் உதவுவதில்லை. டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கெதிரான நினைவு ஆயுளுக்கும் நிற்கும். பிறகு வேறு வகை வரும்போது பழைய எதிர்ப்பொருள்கள் அதை அரைகுறையாக அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. செயலிழக்கச் செய்யமாட்டாமல், விழுங்கணுவுக்குள் கைப்பிடித்து அழைத்துப்போகின்றன. அந்த அணுவுக்குள்தான் வைரஸ் பெருகுகிறது. ஹால்ஸ்டெட் 1960-களில் பாங்காக்கில் இதைக் கவனித்தார். கடுமையான டெங்கு பெரும்பாலும் இரண்டாம் முறை கண்ட குழந்தைகளுக்கு வந்தது. முதல் முறையிலேயே வந்தது, தாயின் எதிர்ப்பொருள்கள் கரைந்துகொண்டிருந்த கைக்குழந்தைகளுக்கு. அந்தக் குழந்தைகளைக் கொண்டுபோவது காய்ச்சலின் உச்சம் அல்ல. காய்ச்சல் இறங்கும் சமயத்தில் ரத்தக்குழாய்கள் நீர் கசியத் தொடங்குவதுதான். அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. தீ வைத்தவன் போன பிறகும் வீடு எரிகிறது. முழுக்க மறந்தவனுக்கும் முழுக்க நினைவிருப்பவனுக்கும் இல்லாத ஆபத்து அரை நினைவுக்காரனுக்கு. மரபைப் பற்றி ஓயாமல் பேசும் நண்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

வியாதியை உருவகங்களிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று ஸூஸன் ஸோண்டாக் 1978-இல் வாதிட்டார். உருவகமின்றிச் சிந்திக்கவே முடியாது என்பதை 1989-இல் அவரே ஒத்துக்கொள்ளவேண்டி வந்தது. சிலவற்றை விலக்கலாம் என்றார். எதை விலக்குவது என்பதற்கு எனக்கு இப்போது ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. அழகோ பொருத்தமோ அல்ல. அந்த உருவகம் குழந்தைக்கு என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான். யுத்தம் என்றால் ஆயுதம் கேட்போம், கேட்கத்தான் கேட்டேன். ஆயுதங்கள் இல்லாமலுமில்லை. ஸ்டிராய்டு உண்டு. ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருள்களைச் சிரையில் ஏற்றினால் குழந்தைகளின் தட்டணுக்கள் விரைவில் உயர்வதை ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக் கண்டு 1981-இல் வெளியிட்டார். தணிக்கவேண்டிய இடத்தில் அதையே மேலும் கொடுப்பது! விழுங்கணுக்களுக்கு வேறு வேலை கொடுத்துத் திசைதிருப்புவது என்று அதற்கு ஒரு விளக்கம். ரத்தம் ஒழுகும்போது இவை உயிர்காப்பவை. ஆனால் தோலில் புள்ளிகள் மட்டும் உள்ள குழந்தையை, எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருந்தாலும், கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம் என்பதே 2011-இலிருந்து அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் வழிகாட்டல். நாலில் மூன்று குழந்தைகளுக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகச் சரியாகிறது. மூளையில் ரத்தக் கசிவு நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதைப் பகலில் நம்பலாம். ராத்திரி அந்த எண் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டோம். மேஜை முனைகளில் பழைய துணியைச் சுற்றினோம். அவள் தூக்கத்தில் புரண்டால் இருவரும் எழுந்து உட்கார்ந்தோம். எதுவும் செய்யாமலிருப்பது எவ்வளவு வேலை என்பதை அந்த வாரங்களில் மனைவியிடமிருந்து தெரிந்துகொண்டேன். எண்கள்: ஒன்பதாயிரம், பதினோராயிரம், எட்டாயிரம், மறுபடி ஒன்பது. பிறகு, யாரும் ஒன்றும் மாற்றாத ஒரு வாரத்தில், முப்பத்துநாலாயிரம்.

நம் விமர்சனத்தில் ஆரோக்கியம், நசிவு, விஷம், கிருமி என்ற சொற்கள் வெகுகாலம் நடமாடியிருக்கின்றன. எதிர்முகாம்காரனின் கதை நசிவு, நம்முடையது ஆரோக்கியம். அந்நியம் என்று எதையாவது பார்த்தால் ஒட்டுவதும், ஒட்டியதை விழுங்குவதும்தான் நம்மில் பலருக்கு விமர்சனம். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்து இலக்கியத்துக்கு எதிர்ப்பு சக்தி கூடியிருப்பதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். தட்டணு செய்கிற காரியம் ஆரவாரமற்றது: எங்கே சிறு கீறல் விழுந்தாலும் அங்கே போய் அடைத்து நிற்பது. அதன் இல்லாமை தெரிகிறபோதுதான் அது இருந்தது தெரிகிறது. அப்படிப்பட்ட எழுத்தாளர்கள் சிலரை நாம் விழுங்கியிருக்கிறோம். பெயர் சொல்லவேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நம் புராணத்துக்கு இந்த விஷயம் தெரிந்தே இருந்தது. தாருகனைக் கொன்ற பிறகும் காளியின் உக்கிரம் தணியவில்லை. உலகமே தாங்காது என்றானபோது சிவன் மயானத்தில் ஒரு குழந்தையாய்க் கிடந்து அழுதார். அவள் எடுத்துப் பால் கொடுத்தாள். பாலோடு கோபத்தையும் குழந்தை குடித்துவிட்டது. சக்தியைக் கும்பிட்டவர்கள் அது எல்லை மீறும் என்பதையும், மீறினால் எதிர்த்துப் போரிட்டுப் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டோம்.

பதினாலாவது வாரம் எண்ணிக்கை ஒரு லட்சத்து எழுபதாயிரம். வைத்தியர் ஃபைலை மூடி, பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றார். பப்பாளி இலைதான் காப்பாற்றியது என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை. அவள் கதையில் ஜெயித்தவர் இருக்கிறார். என்னுடையதில் அப்படி யாரும் இல்லை. அதனால்தான் அதைத் தெருவில் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.