மாதா காட்டுக்கு வந்த வழி

எங்கள் அம்மப்பா முரசுமோட்டையில் அரிவு வெட்டுக்கு இறங்கும் முன் கணுக்காலில் மடு மாதா கோயில் மண்ணைப் பூசிக்கொள்வார். இரணைமடுத் தண்ணி பாயும் வயலில் புடையனுக்குக் குறைவில்லை. மடு மண் இருந்தால் பாம்பு அண்டாது என்பது அவர் நம்பிக்கை. அவர் சைவர். சாமித் தட்டில் திருநீற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சில் அந்த மண் இருக்கும். செம்மை கலந்த மண், விரலில் எடுத்தால் மாவாக ஒட்டும். ஆவணித் திருவிழாவுக்கு உழவு மெசினில் போகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பது. ஊரும் துறைமுகமும் இல்லாத காட்டு நடுவில் இவ்வளவு பெரிய மாதா கோயில் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டவன் நான்.

முதலில் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனேன். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் தங்கள் கோட்டைக்குப் புதுமை மாதாவின் பெயரையே வைத்தார்கள். அந்த மாதாவின் சுருவத்தை 1614இல் செதுக்கியவர் உள்ளூர்ச் சைவச் சிற்பி ஒருவர் என்று பிரான்சிஸ்கன் பாதிரிமார் எழுதியிருக்கிறார்கள். என் அம்மப்பாவை நினைத்துக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு மேலான முற்றுகைக்குப் பிறகு 1658இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது; சுருவம் கோவாவுக்குப் போனது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவக் கோயிலும் நம் காலத்துப் போரில் தரைமட்டமாகிவிட்டது. இப்போது உள்ளே போனால் முருகைக்கல் குவியல்தான். ஒரு கல்லைக் கிட்டப் பார்த்தால் பவளப் பூச்சிகள் கட்டிய துளைகளுக்குள் சுண்ணாம்புச் சாந்து இன்னும் இறுகிக் கிடக்கிறது.

மன்னார்க் கோட்டை 1560இல் எழுந்தது. அதற்கு முன்னமே, 1544இல், மதம் மாறிய மன்னார்வாசிகளை நூற்றுக்கணக்கில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்திருந்தான். இந்தக் கோட்டையும் 1658இல் வீழ்ந்தது. உள்ளே கூரையில்லாத கோயில் சுவர்கள் நிற்கின்றன.

கத்தோலிக்கக் குருமாருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஒல்லாந்தர் அந்த ஆண்டே சட்டம் போட்டார்கள். அப்போது மன்னாரை அடுத்த மாந்தைக் கோயிலில் ஒரு மாதா சுருவம் இருந்தது. 1670 அளவில் இருபது குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போய் மருதமடுவில் வைத்தன என்பதே வழிவழியாக வரும் கதை. 1687இல் கோவாவிலிருந்து ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த யோசேப் வாஸ் அடிகள், ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடி அலைந்தார். இன்றைய பெரிய கோயிலுக்கான வேலையை 1872இல் தொடக்கிவைத்தவர் பொன்ஜீன் ஆயர். 1924 ஜூலை 2இல் மாதாவுக்கு முடி சூட்டினார்கள்.

கோட்டை மதிலுக்குள் பீரங்கிக் காவலோடு இருந்த கோயில்களில் ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. காட்டுக்குள் ஓடிப்போனவர்கள் வைத்தது நிற்கிறது. வன்னியைப் பின்தங்கிய காடென்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தாலும் மன்னாராலும் காக்க முடியாததை இந்தக் காடு காத்தது.

2008 ஏப்ரலில் எறிகணைகளுக்கு நடுவே அதே சுருவத்தை மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆவணியிலேயே அது திரும்பி வந்தது. கோட்டைகளைப் பிடித்த தளபதிகளின் பெயரும் தேதியும் புத்தகத்தில் இருக்கின்றன; 1670இல் சுமந்தவர்களை ‘இருபது குடும்பங்கள்’ என்றுதான் சொல்கிறோம். 2008இல் சுமந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தப் பாதையால் போனார்கள், வாகனத்தை யார் ஓட்டினார்கள், வழியில் யார் வீட்டில் தண்ணி குடித்தார்கள் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டு இப்போதே எழுதிவைக்க வேண்டும்.